செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் தாத்தா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நான் காரைக்குடியில் குடியிருக்கிறேன். இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு உறவினர்கள், உறவினர்களின் நண்பர்கள், அந்த நண்பர்களின் அலுவலகத்துக்காரர்கள் என்று ஆண்டு முழுவதும் யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்பப்போகிறேன்.

செட்டிநாடு என்பது எந்த ஊர்? எங்கே இறங்க வேண்டும்?

செட்டிநாடு என்ற பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது, ஊர் இல்லை. அந்த நிலையத்தில் இறங்கினால் நீங்கள் நிற்பது கானாடுகாத்தானில். செட்டிநாடு என்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் குடியிருந்த ஊர்களுக்கெல்லாம் சேர்த்து வழங்கும் பெயர். ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்தன என்பார்கள். இன்று எழுபது சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் அவை பரவிக் கிடக்கின்றன.

பெரிய ஊர்கள் காரைக்குடியும் தேவகோட்டையும். வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் போவது கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கொத்தமங்கலம், கோட்டையூர் பக்கம். காரைக்குடியில் இறங்கிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களுக்கு அங்கிருந்து போவதுதான் வசதி.

மலைக் கிராமம், கல் வீடுகள் என்று யாரோ சொன்னார்களே?

இந்தக் கேள்வியை ஒரு பெண்மணி உண்மையாகவே கேட்டார். ஸ்வெட்டர் எடுத்துவர வேண்டுமா என்பது அதன் பின்பாதி. வேண்டாம். இது செம்மண் சமவெளி. முள்ளும் பனையும் கண்மாயும்தான் கண்ணுக்குத் தெரியும். மலை என்று நாங்கள் கைகாட்டுவது குன்றக்குடி முருகன் கோயில் இருக்கும் குன்றை. அதை விட்டால் திருமயத்துப் பாறை. அதன்மேல் 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை நிற்கிறது.

கல் விஷயத்தில் பாதி உண்மை உண்டு. முகப்புத் தூண்கள் பல வீடுகளில் கருங்கல். முற்றத்தைச் சுற்றி வரம்பு கட்டியிருப்பதும் பட்டியக்கல்தான். ஆனால் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே தேக்கு. அதற்கும் மேலே அடுக்கடுக்காக நாட்டோடு. சுவரைத் தொட்டுப் பார்த்தால் பளிங்கு போலக் குளிர்ச்சியாக வழுக்குவதால் கல் என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குத் தனிக் கதை உண்டு, கீழே சொல்கிறேன்.

எப்படி வருவது? எத்தனை நாள் வேண்டும்?

சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் ரயில் அன்றிரவே காரைக்குடி சேர்ந்துவிடும். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் இந்த வழியாகத்தான் போகின்றன. விமானத்தில் வருகிறவர்கள் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கலாம். இரண்டிலிருந்தும் காரில் இரண்டு மணி நேரம் ஆகும். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குத் திருச்சி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் தாவ அது உதவாது. ஒரு நாளைக்கு ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர் டிரைவராக இருந்தால் நல்லது. எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

நாள் கணக்கைக் கேட்டால் நான் இரண்டு முழு நாள் என்பேன். ஒரே நாளில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் என்று ஐந்தையும் முடித்துவிட்டு மதுரைக்குப் போய் இரவுச் சாப்பாடு என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஐந்து இடங்களிலும் பார்ப்பது கார் நிறுத்துமிடத்தை.

எந்த மாதம் வரலாம்?

மார்கழி, தை, மாசி. சித்திரை, வைகாசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் அந்த மாதங்களில் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த உயரமான கூரையும் தடிமனான சுவரும் என்ன வேலை செய்கின்றன என்று புரியும். தெருவில் செருப்பு சுடும், வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், கால் சில்லென்று இருக்கும்.

பொங்கலை ஒட்டி வந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும். கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் மட்டும் போகலாம். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பலர் அந்த நாட்களில் ஊருக்கு வருவார்கள், பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரியும். தெருவைப் பார்க்க நல்ல நேரம் அது. வீட்டுக்குள் போய்ப் பார்க்கக் கெட்ட நேரமும் அதுதான். குடும்பம் கூடியிருக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு தூணைத் தட்டிப் பார்ப்பது நன்றாக இருக்காது.

எந்த வீடுகளுக்குள் போகலாம்?

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான். இந்த வீடுகள் காட்சிசாலைகளாகக் கட்டப்பட்டவை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. அதுவும் ஒருவருக்குச் சொந்தமானதாக இருப்பது அபூர்வம். கட்டியவருக்கு நான்கு மகன்கள் என்றால் அவர்களுடைய பேரன்கள் இன்றைக்கு முப்பது நாற்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டைத் திறந்து காட்டலாமா, ஓட்டை மாற்றலாமா, விற்கலாமா என்று எதைக் கேட்டாலும் எல்லோரும் தலையாட்ட வேண்டும். பல வீடுகள் பூட்டியே கிடப்பதற்கு வறுமையைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

எளிதாகப் பார்க்கக் கிடைப்பவை சில. ஆத்தங்குடியில் பெரிய வீடு என்று சொல்லும் அரண்மனையில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். முதல்முறை வருகிறவர்கள் அங்கே தொடங்குவது நல்லது. கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை 1912-இல் கட்டி முடிந்தது. அதை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே விடுவார்கள் என்று நம்பி வராதீர்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படித்தான், தெருவிலிருந்து பார்ப்பதற்கு. ஜன்னல்களை எண்ண முயன்ற என் அக்காள் மகன் பாதியில் விட்டுவிட்டான்.

மற்றபடி கானாடுகாத்தான் தெருக்களில் நடந்துகொண்டே போங்கள். ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் உட்கார்ந்திருப்பார். வணக்கம் சொல்லி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்லி, கொஞ்சம் நின்று பேசினால் பல சமயம் அவரே சாவியை எடுப்பார். எடுத்தவுடன் செல்போனைத் தூக்காதீர்கள். திரும்பும்போது அவர் கையில் கொடுக்கும் பணத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். அவருக்கு வரும் சம்பளம் பெரிதாக இருக்காது, அந்த வீட்டை அன்றாடம் கூட்டுவதும் அவர்தான்.

ஒரு தடவை வைகாசியில் பதினோரு பேரை முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டைப் பார்க்கிறவர் பக்கத்து ஊருக்குக் கருமாதிக்குப் போயிருந்தார். சாவி அவர் மடியில். ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். காற்று அப்படி. திண்ணை எதற்கு என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது? எல்லா வீடும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

அமைப்பு ஒன்றுதான். அதை ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்த வீடுகளில் வித்தியாசங்கள் கண்ணில் படும்.

தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, இருபுறமும் திண்ணை. அதைத் தாண்டி நிலைக்கதவு. நிலையின்மேல் கஜலட்சுமி இருப்பாள், தேக்கில் இழைத்த கிளிகளும் யாளிகளும் இருக்கும். அதற்கு அப்பால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். பிறகு இரண்டாம் கட்டு, சில வீடுகளில் மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு, தோட்டம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.

நிலைக்கதவுக்கு நேரே நின்று உள்ளே பாருங்கள். எல்லாக் கதவுகளும் திறந்திருந்தால் பின்வாசல் வரை ஒரே கோட்டில் பார்வை ஓடும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று மாறிமாறிப் போய்க் கடைசியில் தோட்டத்துப் பச்சை ஒரு தபால்தலை அளவுக்குத் தெரியும். நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். மணமான ஒவ்வொரு மகனையும் அவன் மனைவியையும் சேர்த்து ஒரு புள்ளி என்று கணக்கு. புள்ளிக்கு ஓர் அறை. பெண் வீட்டிலிருந்து வந்த சீர் சாமான்கள் அங்கேதான் இருக்கும். பித்தளை அண்டா முதல் பீங்கான் தூக்குவாளி வரை டஜன் கணக்கில். சாவி அந்த அறைக்குரிய ஆச்சியின் இடுப்பில். கூட்டுக் குடும்பம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் பல வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே புள்ளிக்குப் புள்ளி தனி அடுப்பு, தனிக் கணக்கு.

வழிகாட்டிகள் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒப்பிப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஜப்பானிய ஓடுகளும் இங்கிலாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண்களும்கூட உண்டு. நான் காட்டுவது வேறொன்று. முகப்புத் திண்ணையின் ஓரத்தில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், சுவரில் ஒரு கருத்த வட்டம் இருக்கும். கணக்கப்பிள்ளை உட்கார்ந்த இடம். எத்தனையோ வருடம் ஒரே இடத்தில் சாய்ந்த தலையின் எண்ணெய். முன்னால் சாய்வான கணக்குப் பெட்டி, பக்கத்தில் பேரேடு. என் தாத்தாவின் வட்டம் தேவகோட்டையில் இருந்தது. அந்த வீட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தபோது போய்விட்டது.

சுவருக்கு முட்டை பூசினார்களாமே, அது கட்டுக்கதையா?

இல்லை, நிஜம். ஆனால் முட்டை மட்டும் பூசியதாக நினைத்துக்கொள்கிறார்கள். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, மணலோடு அரைத்துப் பல பூச்சாகப் பூசுவார்கள். மேலே போகப் போகக் கலவை மையாகும். கடைசிப் பூச்சில்தான் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கரு. அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். அப்படி முடித்த சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியதே இல்லை, ஈரத் துணியால் துடைத்தால் போதும். நூறு வயதான சுவரில் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும்.

இதன்மேல் இப்போது சில வீடுகளில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். அதன் மூக்கைப் பொத்தினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பொருக்குப் பொருக்காக உரிந்து விழும். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பூச்சுத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். கிடைப்பவருக்குக் கூலி கட்டுபடியாகாது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அப்புறம் எங்கே போனது?

பர்மா, இலங்கை, மலாயா, சைகோன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் பர்மாவின் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கியபோது, அந்த விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. நகரத்தார் போனார்கள். ஊருக்கு ஊர் கிட்டங்கி என்ற தொழிலகம் வைத்து வட்டித் தொழில் செய்தார்கள். இளைஞன் ஒருவன் கப்பலேறிப் போனால் திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆகும். வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள். சம்பாத்தியம் ஊருக்கு வந்து வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் கல்யாணமாகவும் மாறியது.

1930-களில் உலகம் முழுக்க விலைகள் சரிந்தபோது பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அங்குள்ளவர்களுக்கு ஆத்திரம் வந்ததும் அதனால்தான். இந்தப் பக்கத்தை இங்கே அதிகம் யாரும் பேசுவதில்லை. 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் நுழைய, உயிர் பிழைத்தால் போதும் என்று கால்நடையாக வந்து சேர்ந்தவர்கள் பலர். போர் முடிந்து பர்மா விடுதலை பெற்றதும் 1948-இல் நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. கைக்கு வந்த நிலம் காகிதத்தில் மட்டும் மிஞ்சியது.

எல்லாமே போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ராஜா அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தந்தார். கோட்டையூர்க்காரரான வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும்தான் காரைக்குடி கல்லூரி ஊரானது, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. வீடுகளுக்குத்தான் வருமானம் நின்றுபோனது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசப் பட்டியல் கூரை ஓட்டை அடைக்காது என்று ஒரு பெரியவர் சொன்னார்.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்க முடியுமா?

முடியும். டைல் என்று நீங்கள் சொல்வதை இங்கே பூக்கல் என்பவர்களும் உண்டு. ஆத்தங்குடியில் தெருவோரப் பட்டறைகளில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். போய் நின்று பார்க்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள்.

தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. ஒவ்வொரு இதழுக்குள்ளும் சிறு கரண்டியால் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுவார்: சிவப்பு, மஞ்சள், பச்சை. ஊற்றிவிட்டு அச்சை நேராக மேலே தூக்குகிறார் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் வித்தை. கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு மேலே சிமெண்டும் இந்த ஊர் மணலும் போட்டு அழுத்திக் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரித்தால் பூ வெளியே வரும். சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் வழவழப்பு. நடக்க நடக்க இன்னும் மெருகேறும்.

வீட்டுக்கு வாங்க நினைத்தால் ஒன்று: ஆசிட் ஊற்றிக் கழுவும் ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு இது சரிவராது.

சாப்பாடு?

செட்டிநாடு என்றாலே சிக்கனும் காரமும் என்று நாடு முழுக்கப் பலகை மாட்டியிருக்கிறார்கள். இங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டவருக்கு அந்தப் பலகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். காரம் உண்டு, ஆனால் நாக்கை எரிப்பது நோக்கம் இல்லை. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் அளவோடு விழுந்திருக்கும். சைவத்தில்தான் நயம் அதிகம் என்பேன். அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டியைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

பலகாரத்தில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கல்கண்டு வடை, சீயம். பர்மா உறவின் ருசி வேண்டுமென்றால் கவுனி அரிசி. கருஞ்சிவப்பு அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தது. கல்யாண வீடுகளில் காலைப் பந்தியில் வைப்பார்கள். பாரம்பரிய வீட்டு விடுதிகளில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பதினொன்றரைக்குப் போன் செய்து பன்னிரண்டரைக்கு எட்டு பேர் என்றால் கிடைப்பது நேற்றைய மரியாதைதான்.

பழைய வீட்டிலேயே தங்கலாமா?

தங்கலாம். கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி, காரைக்குடி ஆகிய ஊர்களில் விடுதிகளாக மாறிய வீடுகள் இருக்கின்றன. வாடகை கொஞ்சம் கூடுதல். பட்ஜெட் இடிக்கிறது என்றால் காரைக்குடி பஸ் நிலையத்தைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகள் உண்டு. ஒரு இரவாவது பழைய வீட்டில் தங்கும்படி சொல்வேன். அதிகாலையில் வளவுக்குள் வெளிச்சம் இறங்குவதைப் பார்க்க வேறு வழியில்லை.

என்ன வாங்கலாம்?

கண்டாங்கிச் சேலை. பருத்தியில், அகலக் கரையோடு, செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டம் போட்டது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையோலையில் முடையும் கொட்டானுக்கு அதற்கும் முன்னாலேயே கிடைத்துவிட்டது. இரண்டும் நெய்கிறவர், முடைகிறவர் கைக்குப் பணம் போகும் பொருட்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பீங்கான் கிண்ணம், பித்தளைப் பூட்டு, ரவிவர்மா படம், ஜாடி. வேடிக்கை பார்க்கவே அரை நாள் போகும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது என்பதை வெளிநாட்டு நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். தூண், நிலை, கதவு ஆகியவற்றை நான் வாங்கச் சொல்லமாட்டேன். கடையில் ஒரு நிலை நிற்கிறதென்றால் எங்கேயோ ஒரு வீடு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கிண்ணம் வேறு, நிலை வேறு.

கோயில்கள்?

பிள்ளையார்பட்டிக் குடைவரையை எப்படியும் பார்ப்பீர்கள். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள், அதில் இது ஒன்று. கூட்டமில்லாமல் சிற்பம் பார்க்க ஆசைப்பட்டால் வைரவன்பட்டிக்கோ இரணியூருக்கோ போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள், குழந்தைகள் வரலாமா?

வீடுகள் உயரமான மேடையில் இருக்கும். பூம்புகாரில் கடல் கொண்ட நினைவில்தான் இப்படி ஏற்றிக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். எப்படியோ, படி ஏற வேண்டும், பிடிமானம் இருக்காது. ஏறிவிட்டால் முகப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். குழந்தைகளுக்கு வளவைப் போல ஓடிப்பிடிக்க இடம் கிடையாது. மாடிப் பக்கம் மட்டும் தனியாக விடாதீர்கள், பழைய மரத்தை நம்ப முடியாது.

புகைப்படம்?

கேட்டுவிட்டு. பூஜை அறையும் இறந்தவர்களின் படங்கள் மாட்டிய சுவரும் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று புகைக்குண்டோடு வருகிறவர்கள் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

நாங்கள் வரும்போது மழை பிடித்துக்கொண்டால் பயணம் வீண்தானே?

அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகள் மழைக்காகவே கட்டியவை. நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் தண்ணீர் முழுவதும் உள்ளே விழும். நான்கு மூலையிலும் கூடும் இடத்தில் கயிறு திரித்தது போல இறங்கும். அதற்குக் கீழே அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது முற்றத்துக் கல்வழியாகத் தரைக்கடியில் ஓடி, தெருக் கால்வாயில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். வறண்ட ஊரில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் யோசித்திருக்கிறார்கள். கால்வாய்களை அடைத்துச் சாலை போட்டது பிற்பாடு வந்தவர்கள்.

போன ஐப்பசியில் கோவைக்காரக் குடும்பம் ஒன்றைப் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி முற்றத்தில் வற்றல் காயப்போட்டிருந்தார். நான் தூணைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது படபடவென்று பெரிய தூறல். அவர் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் கோவை அம்மாள் செருப்பில்லாத காலோடு முற்றத்தில் குதித்துவிட்டார். ஒரு முனையை இவரும் மறுமுனையை அவரும் பிடித்து வேட்டியோடு வற்றலைத் தூக்கினார்கள். பையன்கள் அண்டாவை மூலைக்கு நகர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அண்டா நிறைந்து வழிய ஆரம்பித்தது. எல்லோரும் வளவில் வரிசையாக உட்கார்ந்து, சுக்குமல்லிக் காப்பி வரும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூணைப் பற்றி நான் சொல்ல வந்ததை யாரும் திரும்பக் கேட்கவில்லை.